தாத்தாவின் லீவர் ரைஃபிளோடு மான் வேட்டைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் கடைசியில் பென்சில்வேனியாவில் மான் சீசன் தொடங்கும்போது, வீட்டுப் பெரியவர் விட்டுப்போன வின்செஸ்டர் 94-ஐயோ மார்லின் 336-ஐயோ (இரண்டுமே கீழே உள்ள லீவரைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்கள்) தூக்கிக்கொண்டு யாராவது ஓர் இளைஞர் எங்கள் கேம்புக்கு வந்துவிடுவார். வருடா வருடம் ஆள்தான் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. லைசென்ஸ், ஆரஞ்சு உடுப்பு எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கூர்முனைத் தோட்டா

இவற்றில் பேரலுக்கு அடியில் இருக்கும் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடிபட்டால் தோட்டாவைப் பற்றவைக்கும் பகுதியில், முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்குத் தோட்டா வாங்குங்கள். அல்லது இந்த ரைஃபிள்களுக்கென்றே வரும் மென்முனைத் தோட்டா. சாவேஜ் 99 என்ற இன்னொரு லீவர் ரைஃபிளுக்குச் சுழல் மேகசின் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேலிபரை ஊகிப்பது

பழைய 94 எல்லாமே .30-30 தோட்டாவுக்கானவை அல்ல. .32 ஸ்பெஷலும் உண்டு, .38-55-ம் உண்டு. பேரலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

ஸ்கோப்புக்காகத் துளை போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பழைய 94 சுட்டபின் மிஞ்சும் வெற்றுக் கேஸை நேராக மேலே எறியும். பக்கவாட்டில் சாய்த்து எறியும்படி அதை மாற்றியது 1980களின் தொடக்கத்தில்தான். ஆகவே பழையதில் ஸ்கோப்பை நடு உச்சியில் வைக்க முடியாது. உடனே ரிசீவரின் (பொறிகள் இருக்கும் நடுப்பகுதி) பக்கத்தில் ட்ரில் போட்டு, இடப்பக்கம் தள்ளி மாட்டுகிறார்கள்.

ஒரு பையன் 1964-க்கு முந்தைய 94 ஒன்றைக் கொண்டுவந்தான். அந்த வருடம்தான் கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதனால்தான் முந்தையவற்றுக்கு இத்தனை கிராக்கி. கையில் பிடிக்கும் இடத்தில் மட்டும் இரும்பின் மேலுள்ள நீலப் பூச்சு தேய்ந்து அழகாக இருந்தது. கை வைக்காதே என்று சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த சீசனில் துளைகளோடும், பாலிஷ் போட்டு எழுத்து மழுங்கிய புது நீலத்தோடும் வந்தது. சேகரிப்பாளர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விலையே பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

சரி, வேட்டைக்காவது உதவியதா? பேரல் மேலேயே இருக்கும் இரும்பு சைட்டில் குறி பார்ப்பதற்கு ஏற்றாற்போல் தாழ்வாகச் செய்த, தோளில் வைக்கும் கட்டை அது. கன்னம் அதில் பதியாமல், கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித்தான் அவனால் பார்க்க முடிந்தது. லாரல் புதரிலிருந்து கொம்பன் மான் ஒன்று அறுபது கஜத்தில் வெளியே வந்தது. ஸ்கோப்புக்குள் அதைத் தேடி முடிப்பதற்குள் போய்விட்டது.

170 கிரெய்ன் எடையுள்ள .30-30 குண்டு நொடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. சைட்டை 100 கஜத்துக்குச் சரிபார்த்தால் 200 கஜத்தில் ஏறக்குறைய 8 அங்குலம் இறங்கிவிடும். 150 கஜம் வரைதான் உதவும் தோட்டாவுக்கு எதற்கு ஸ்கோப்? கண் மங்கலென்றால் பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது) போடுங்கள். 1950களில் வந்த பல 94-களில் அதற்கான துளை ஃபேக்டரியிலேயே இருக்கிறது. ஸ்கோப் இல்லாமல் முடியாது என்பவர்கள் மார்லின் 336-ஐ வாங்கட்டும்; அது கேஸைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஹேமரை இறக்குவது

பழைய 94-லும் 336-லும் பிரைமரை அடிக்க வைக்கும் ஹேமரின் பாதி நிலைதான் பாதுகாப்பு, தனி சேஃப்டி கிடையாது. குளிரில் விறைத்த கட்டைவிரல் வழுக்கும். பேரலை மண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு இறக்குங்கள். வெறும் துப்பாக்கியில் முதலில் பழகுங்கள், கையுறையோடு.

லீவரைப் பாதியில் நிறுத்துவது

முழுசாகத் தள்ளி முழுசாக இழுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. மானுக்குக் கேட்டுவிடும் என்று மெல்ல இழுப்பவர்கள் உண்டு. சுட்ட சத்தமே அதற்குக் கேட்டாகிவிட்டது.