இரவில் பதினைந்து நிமிடம்: இஞ்ஞாசியார் காட்டிய வழியில் ஆத்தும சோதனை

ஜெபத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஆத்தும சோதனை என்ற, அன்றைய நாளைக் கடவுளோடு திரும்பிப் பார்க்கும் இந்த ஜெபத்தைத்தான். பேச வேண்டியதைத் தேடிப் போக வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை நடந்ததே போதும்.

கற்றுக்கொடுத்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, சொந்த ஊரில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரசாகசங்களைக் கற்பனை செய்தபோது அப்போதைக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதோ, நினைப்பு போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இந்த ஜெபம் ஐந்து படிகளாக இருக்கிறது. அவர் தொடங்கிய துறவற சபையான இயேசு சபையினர் நண்பகலிலும் இரவிலும் இதைச் செய்வது வழக்கம். புதிதாகத் தொடங்குபவருக்கு இரவில் ஒரு முறை போதும்.

போனை வேறு அறையில் வையுங்கள். படுத்துக்கொண்டு செய்யாதீர்கள், தூக்கம் வந்துவிடும். சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவர் என்னை அன்போடு பார்க்கிறார் என்ற நினைவில் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

1. நன்றி

குடும்பம், ஆரோக்கியம், எல்லாவற்றுக்கும் நன்றி என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிட வேண்டாம். இன்றைக்கு மட்டும் நடந்தது இரண்டு மூன்றை எடுங்கள். நெரிசலான பஸ்ஸில் உங்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பெண்மணி. காய்ச்சல் விட்டு இரண்டு இட்லி சாப்பிட்ட குழந்தை. ஆத்தும சோதனை என்றதுமே பலர் பாவக் கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். இஞ்ஞாசியார் நன்றியைத்தான் முதலில் வைத்தார். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

2. ஒளி கேட்பது

“ஆண்டவரே, இன்றைய நாளை நீர் பார்க்கிறபடி நானும் பார்க்க உதவும்.” இவ்வளவுதான். 139ஆம் திருப்பாடலின் கடைசி இரண்டு வசனங்களும் இதையே வேண்டுகின்றன. அவற்றை வாசித்தாலும் சரி.

3. நாளைத் திரும்பிப் பார்ப்பது

அதிக நேரத்தை இங்கே கொடுங்கள். எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக வாருங்கள். எண்ணம், சொல், செயல் மூன்றையும் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். எல்லாவற்றையும் அலச வேண்டாம். மனம் எங்கே அசைந்ததோ அங்கே நில்லுங்கள்.

உதாரணத்துக்கு, மதியம் அம்மா போன் செய்தார். “அப்புறம் பேசுறேம்மா” என்று வைத்துவிட்டீர்கள். வேலை இருந்தது உண்மைதான். ஆனாலும் வைத்த பிறகு ஓர் உறுத்தல். ‘நான் மோசமான பிள்ளை’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எனக்குள் என்ன நடந்தது என்று ஆண்டவரிடமே கேளுங்கள். பதினொரு மணிக்கு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டது நினைவுக்கு வரலாம். அவரிடம் காட்ட முடியாத கோபம் அம்மாவிடம் போய் விழுந்திருக்கிறது. அந்த அவமானத்தையும் அப்படியே ஆண்டவர் முன் வையுங்கள்.

நல்லதிலும் நில்லுங்கள். மாலையில் அலுப்போடு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். முடிந்தபோது மனசு லேசாக இருந்தது. கடவுள் பக்கம் நம்மை இழுக்கும் இந்த அசைவை ஆறுதல் என்றும், அவரிடமிருந்து விலக்கி நம்மைச் சுருக்குவதை வறட்சி என்றும் இந்த மரபில் சொல்வார்கள். சில வாரங்களில் எது உங்களை எங்கே கொண்டுபோகிறது என்று பிடிபட ஆரம்பிக்கும்.

4. மன்னிப்பு

தவறிய இடத்தைப் பேர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒன்று: இது பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) மாற்று அல்ல, கனமான பாவத்தை அங்கே கொண்டுபோங்கள். சின்னத் தவறுக்கும் நாள் கணக்கில் மனம் குமைகிறவர் என்றால் இந்தப் படியைச் சுருக்கமாக முடித்துவிட்டு, நம்பிக்கையான ஒரு குருவிடமோ போதகரிடமோ பேசுங்கள்.

5. நாளைக்கு

‘இனி பொறுமையாக இருப்பேன்’ என்பது பிடிமானமில்லாத தீர்மானம். ‘காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் அம்மாவிடம் பேசுவேன்’ என்பது செய்யக்கூடியது. அப்படி ஒன்றே ஒன்றை எடுத்து, அதற்கு அருள் கேட்டு, ‘எங்கள் தந்தையே’ ஜெபத்தோடு முடியுங்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டாம். இரவில் கண் சொருகுகிறது என்றால் சாப்பாட்டுக்கு முன்பே உட்காருங்கள்.

ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கும் இஞ்ஞாசியார் வழி வைத்திருக்கிறார். ஒரு தாளில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. நண்பகல் வரை எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், அதற்குப் பிறகு விழுந்தவை இரண்டாவதில். இரண்டையும், அப்புறம் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து படிகளும் பழகின பிறகு இதை எடுங்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும்.