05-இல் வந்தால் நம்ம ஊர் ஆளா?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் போன் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி ஒட்ட வருகிறவர்களைவிட, ஏமாற்று அழைப்போ செய்தியோ வந்து, "இது உண்மையா பாரும்மா" என்று போனை நீட்டுகிறவர்கள்தான் இப்போது அதிகம். தோட்டத்துப் பெரியவர்கள் முதலில் சொல்வது ஒன்றே: "வெளிநாட்டு நம்பர் இல்லம்மா, 05 நம்பர்தான்."

05 என்றால் பேராக், சரிதான். ஆனால் இணையம் வழியாக அழைக்கிறவன், திரையில் எந்த நம்பர் தெரிய வேண்டும் என்பதைத் தானே வைத்துக்கொள்ள முடியும். 01-இல் தொடங்கும் கைப்பேசி நம்பரும் அப்படித்தான். யார் யாருடைய ஐசியிலோ (அடையாள அட்டையிலோ) பதிந்த பிரிபெய்ட் சிம்களை ஒரு பெட்டியில் வரிசையாகச் செருகிவிட்டு, ஆள் எங்கோ உட்கார்ந்து பேசுவான். அதனால் நம்பரை விடுங்கள். என்ன கேட்கிறான் என்று கவனியுங்கள்.

அதிகம் வருவது பார்சல் கதைதான். முதலில் மலாயில் ஒரு பதிவுக் குரல்: உங்கள் பெயரில் பொட்டலம் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, இந்த எண்ணை அழுத்துங்கள். அழுத்தினால் ஒரு பெண் பணிவாகப் பேசுவாள். பொட்டலத்துக்குள் வேறு ஆட்களின் வங்கி அட்டைகள் இருந்தன, போலீசுக்கு லைன் மாற்றுகிறேன் என்பாள். அடுத்து ஒரு "சார்ஜன்". பின்னால் வாக்கிடாக்கி சத்தம்கூடக் கேட்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாதே, இது ரகசிய விசாரணை என்பான். கடைசியில், உன் பணத்தைக் காப்பாற்ற பேங்க் நெகாராவின் இந்தப் "பாதுகாப்புக் கணக்குக்கு" மாற்று என்று வந்து நிற்பான்.

இதில் பிடி எங்கே? கூரியர் கம்பெனிக்காரரால் உங்கள் அழைப்பைப் போலீஸ் நிலையமான பாலாய்க்கு மாற்றிவிட முடியாது. போலீஸ் போனிலேயே வழக்கு நடத்தாது. பேங்க் நெகாரா நாட்டின் மத்திய வங்கி, அது நம்மைப் போன்ற தனி ஆட்களுக்குக் கணக்கு திறப்பதில்லை, ஆகவே அங்கே "பாதுகாப்புக் கணக்கு" என்று ஒன்று இருக்கவே முடியாது. போனை வையுங்கள். சந்தேகம் தீரவில்லையா, டவுன் பாலாய்க்கு நேரில் போய்க் கேளுங்கள்.

"என் பிறந்த தேதி, பேராக்கில் பிறந்தது எல்லாம் சரியாச் சொல்றானே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உங்கள் ஐசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 08 என்றால் பேராக். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஐசி நம்பர் ஒன்று சிக்கினால் போதும், ஜோசியக்காரன் மாதிரி அடுக்கிக்கொண்டே போகலாம்.

எஸ்எம்எஸ் விஷயம் வேறு. இணைப்பு உள்ள எஸ்எம்எஸ்களைத் தடுக்கும்படி தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்சிஎம்சி 2023 முதல் படிப்படியாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அப்படியும் "உங்கள் பாயிண்ட் இன்று முடிகிறது" என்று இணைப்போடு ஒன்று வந்தால், அதுவும் உங்கள் லைன் கம்பெனியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்தால், காரில் போலிக் கோபுரக் கருவியை வைத்துச் சுற்றுகிற கும்பலின் வேலையாக இருக்கலாம். அந்தக் கருவி பக்கத்தில் உள்ள போன்களைப் பழைய 2ஜிக்கு இழுத்துத்தான் செய்தியைத் தள்ளும். சில ஆண்ட்ராய்டு போன்களில் 2ஜியை நிறுத்திவைக்க செட்டிங்ஸில் இடம் உண்டு. கடைக்கு வருகிறவர்களுக்கு நானே நிறுத்திக் கொடுக்கிறேன்.

உங்கள் போனுக்கு வந்த ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை வாட்ஸ்அப்பில் கேட்டு வந்தால், கேட்பது கோவில் கமிட்டித் தலைவராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். அவர் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும், அடுத்தது உங்களுடையது. கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் தொடவே வேண்டாம். அது போனில் ஏறும் செயலி, உங்கள் எஸ்எம்எஸ்களைப் படித்து, பணம் மாற்ற வங்கி அனுப்பும் டேக் எண்ணை எடுத்துவிடும். அரசாங்கத்தின் சாரா உதவிக்கும் இணைப்புத் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்த 100 வெள்ளி மைகார்டிலேயே (ஐசியிலேயே) வந்தது, பதிவு எதுவும் கேட்கவில்லை.

இளவட்டங்களுக்கு ஒன்று. ஏடிஎம் கார்டை வாடகைக்குக் கொடு, உன் ஐசியில் சிம் எடுத்துக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன் என்பான். பெரியவர்களை ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் ஓடும், போலீஸ் முதலில் தட்டுவதும் உங்கள் வீட்டுக் கதவைத்தான். "என்ன நடந்ததுன்னே தெரியாது" என்று சொன்னால் எடுபடாது. 2024-இல் சட்டத்தையே இதற்காகத் திருத்தியிருக்கிறார்கள்.

பணம் அனுப்புவதற்கு முன்பு, அந்தக் கணக்கு எண்ணையோ போன் நம்பரையோ போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் நல்லவன் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் போய்விட்டதா? அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலியில் கணக்கை நாமே முடக்கும் வசதி இருந்தால் அதை அழுத்துங்கள், உடனே வங்கிக்கோ, மோசடிப் புகாருக்கான 997-க்கோ கூப்பிடுங்கள். பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் மறிக்கத்தான் 2022-இல் அந்த எண்ணைத் தொடங்கினார்கள். பிறகு பாலாயில் ரிப்போர்ட். வெட்கப்பட்டுச் செய்திகளை அழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். நம்பர், நேரம், கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவன் கூப்பிடுவான். அவனும் அதே கூட்டம்தான்.