கார் கழுவியாச்சு, கிளவுஸைக் கழுவியாச்சா?

காரின் மேல் வெயில் படும்போது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிந்தால் பெரும்பாலானவர்கள் ஷாம்புவைத்தான் திட்டுகிறார்கள். ஷாம்பு பாவம். கீறுவது, காரைத் தேய்க்கக் கையில் மாட்டிக்கொள்ளும் கிளவுஸின் இழைகளுக்குள் உட்கார்ந்திருக்கும் மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தியின் எஃகே சுமார் 5.5தான். காரின் பெயின்ட் மேல் இருக்கும் கிளியர் கோட் அதைவிட எவ்வளவோ மென்மையான பிளாஸ்டிக் படலம்.

என்னுடையது கருப்புக் கார். சென்னை மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் எப்போது பார்த்தாலும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். எம்-சாண்ட் குவியலைத் தாண்டித்தான் வண்டி வெளியே போக வேண்டும். அது கருங்கல்லை உடைத்து அரைத்த பொடி. ஆற்று மணலைப் போல உருண்டு தேய்ந்தது இல்லை, முனை கூர்மையாக இருக்கும். அதனால்தான் காருக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தக் கிளவுஸுக்குக் காட்டுகிறேன். "இதுல பாதி அக்கறைய புள்ளைங்க சாக்ஸுக்குக் காட்டுங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கழுவும்போதே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவு முடிந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். கிளவுஸ் தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு லீவு. உதறிவிட்டுத் தொடராதீர்கள். சக்கரத்துக்கு வேறு நிறத்தில் தனிக் கிளவுஸ். பிரேக்கிலிருந்து உதிரும் கருப்புத் தூளில் இரும்புத் துகள் இருக்கிறது, அது இழைக்குள் புகுந்தால் எளிதில் வெளியே வராது.

கார் முடிந்ததும் கிளவுஸை ஷாம்பு பக்கெட்டிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது பலருக்கும் பழக்கம். அழுக்கெல்லாம் அடியில் இருக்கும் பக்கெட் அது. உடனே எடுத்துக் குழாயடியில் பிடியுங்கள். மணிக்கட்டுப் பட்டையிலிருந்து நுனிப் பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். புழு புழுவாக நூல் தொங்கும் செனில் கிளவுஸ் என்றால் அந்த நூல்களை விரலால் விலக்கி விலக்கி, வேர் வரைக்கும் தண்ணீர் போக விடுங்கள். மணல் ஒளிவது அங்கேதான். அப்புறம் வெள்ளை பக்கெட்டில் சுத்தமான தண்ணீர் பிடித்து அதில் அலசி, இரண்டு நிமிடம் தெளிய விட்டு அடியைப் பாருங்கள். கருப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தாலும் தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. பக்கெட் வெள்ளையாக இருக்க வேண்டியதற்குக் காரணமே இதுதான்.

அடுத்து சோப்பு. செனில் கிளவுஸின் நூல் மைக்ரோஃபைபர். அது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த, முடியைவிட மெல்லிய இழை. துணி துவைக்கும் லிக்விடில் ஒரு சின்னக் கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். அவ்வளவு போதும். துணி சோப்புக் கட்டி கூடவே கூடாது. அதில் கனத்துக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புப் பொடி மாதிரியான சமாச்சாரங்கள் இழைக்குள் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம். அது இழைமேல் வழவழப்பாகப் பூசிக்கொண்டு, தண்ணீரையும் அழுக்கையும் இழுக்கும் குணத்தைக் கெடுத்துவிடும். பிளீச் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், சூட்டில் இழை நுனி சுருண்டு விறைத்துவிடும். துவைக்கிற கல்லில் அடிப்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன்.

மெஷினில் போடலாம். வலைப்பையில் போட்டு, 30 டிகிரியில், மெதுவான சுற்றில், மற்ற மைக்ரோஃபைபர் துணிகளோடு மட்டும். பருத்தித் துண்டோடு சேர்த்துப் போட்டால் துண்டின் பஞ்சு முழுக்கக் கிளவுஸுக்கு வந்துவிடும், அடுத்த வாரம் காருக்கும் வந்துவிடும்.

எங்கள் பகுதி போர் தண்ணீர் எப்படி என்று குழாய் முனையில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் பிசுபிசுப்பான கசடாகும். கிளவுஸ் காய்ந்ததும் மொரமொரவென்று இருப்பதற்கு அதுதான் காரணம். கடைசி அலசலுக்கு அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டு, ஐந்து நிமிடம் வைத்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முக்கு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறார்கள் சிலர். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்கள், பாராட்டலாம். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் போகிறது, அது போர் தண்ணீரைவிடக் கடினம். கடைசி அலசலுக்கு அது ஆகாது. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைத்தால் யோகம்.

ஆட்டுத்தோல் கம்பளிக் கிளவுஸ் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு. மெஷின் கிடையாது, வெந்நீர் கிடையாது. கம்பளி கட்டி தட்டிவிடும், தோல் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் தலைக்குப் போடும் மென்மையான ஷாம்பு கொஞ்சம் விட்டு அலசி, துண்டில் சுருட்டி அழுத்துங்கள். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது நாய்க்கு முடி வாரும் சீப்பால் மெதுவாக வாரிவிட வேண்டும். உள்தோல் விறைத்திருந்தால் கையால் பிசைந்துவிடுங்கள். சென்னையின் ஈரக்காற்றுக்கு இது தேவையா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். செனிலே போதும்.

காய வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். தையல் விட்டுப்போகும், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் போதும். கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் நுனியில் தேங்கி, வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவே இருக்கும். நான் பிளம்பர் விட்டுப்போன இரண்டு அங்குல பி.வி.சி. பைப் துண்டில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பால்கனி கம்பியில் நட்டமாகக் கட்டியிருக்கிறேன். கிளவுஸை அதன் மேல் கவிழ்த்துவிட்டால் தண்ணீர் கீழே வடியும், காற்று உள்ளே புகும். பைப் இல்லாதவர்களுக்குக் காலி தண்ணீர் பாட்டில் போதும். நிழல் நல்லது. தினமும் கடும் வெயிலில் கிடந்தால் இழை நைந்துவிடும். மொட்டைமாடி வேண்டாம், அங்கே காற்றோடு வருவதும் அதே எம்-சாண்ட்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பால்கனியை நம்ப முடியாது. ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள். காய்ந்ததா என்று வெளியே தொட்டுப் பார்த்துப் பயனில்லை. உள்ளே டிஷ்யூ பேப்பரைத் திணித்து, தையலோரம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பேப்பர் நமத்திருந்தால் இன்னும் நேரம் ஆகும். பூஞ்சை வாடை வந்துவிட்டால் வினிகர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி துவைக்கலாம். கருப்புப் புள்ளி விழுந்துவிட்டால் காருக்கு அது வேண்டாம்.

முழுக்கக் காய்ந்த பிறகு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், தூசி படாது. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டுவிடலாம். காரின் டிக்கி வேண்டவே வேண்டாம். புழுக்கமும் தூசியும் ஒன்றாக அங்கே இருக்கின்றன. பாலித்தீன் கவரில் கட்டி வைப்பதும் வேண்டாம். கம்பளிக்கு மட்டும் பூச்சி வரும், அதனால் துணிப்பையில் ஓர் அந்துருண்டை. சக்கரக் கிளவுஸுக்குத் தனி டப்பா, மேலே மார்க்கரில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் உதவிக்கு வரும் யாராவது அதையே எடுத்துப் பானெட்டில் தேய்ப்பார்கள்.

கிளவுஸ் இன்னும் காருக்கு லாயக்குதானா என்று பார்க்க, பழைய சி.டி. ஒன்று போதும். கிளவுஸை நனைத்து, பளபளக்கும் பக்கத்தில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கீறல் விழுந்தால் அதைச் சக்கரத்துக்கு இறக்கிவிடுங்கள். சக்கரத்திலும் நைந்துபோனது சீலிங் ஃபேன் இறக்கைக்கு வரும். கையை நுழைத்து மேலும் கீழும் ஒரே இழுப்பில் துடைக்க அதைவிட வசதியானது வேறில்லை.