கல்லூரிக் கொள்முதலைப் பசுமையாக்குவது எப்படி? முதல் ஆண்டுக்கான வழி

படி 1: பில்களை அடுக்குங்கள். கடந்த 12 மாத கொள்முதல் பில்களை ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள்: பொருள், அளவு, தொகை, சப்ளையர், கேட்ட துறை, எத்தனை தடவை வண்டி வந்தது. கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே சப்ளையரின் வண்டி ஒரே வாரத்தில் மூன்று துறைகளுக்காக மூன்று முறை வருவது அங்கேதான் பிடிபடும். அவற்றை ஒரே நாள் டெலிவரியாக மாற்றப் பணமே தேவையில்லை.

படி 2: இரண்டே பொருள்களை எடுங்கள். எல்லாவற்றிலும் ஒரேயடியாகக் கை வைத்தால் எதுவும் நிலைக்காது. கணினியும் காகிதமும் நல்ல தொடக்கம்.

மடிக்கணினியின் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி பொதுவாகத் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே எங்கள் முதல் கேள்வி. 4 ஆண்டில் மாற்றுவதை 6 ஆண்டாக நீட்டினால், தயாரிப்பு உமிழ்வில் ஓராண்டின் பங்கு மூன்றில் ஒரு பகுதி குறையும்.

அடுத்தது காகிதம். எல்லா பிரிண்டரிலும் இருபக்க அச்சை இயல்பு அமைப்பாக வையுங்கள். சுற்றறிக்கையால் பழக்கம் மாறாது. மறுசுழற்சிக் காகிதத்தை முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கி, இருப்பதிலேயே பழைய மெஷினில் ஓட்டிப் பாருங்கள். உறை பிரித்து வைத்த காகிதம் ஈரம் இழுத்துச் சிக்கும்; பிறகு பழி மறுசுழற்சியின் மேல் விழும்.

படி 3: டெண்டரில் எழுதுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். "சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்" என்ற வரியை யாராலும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதுங்கள்: 6 ஆண்டுக்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும், பேட்டரி, ராம் (நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்) மூன்றையும் கழற்றி மாற்ற முடிய வேண்டும், பேக்கிங்கையும் பழைய கருவியையும் சப்ளையரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். டெண்டர்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் இதற்கென 15 சதவீதம் போல ஒதுக்கி, அதை டெண்டரிலேயே அறிவியுங்கள். விலைப்புள்ளி திறந்தபின் நிபந்தனை சேர்ப்பது நியாயமும் ஆகாது, செல்லவும் செல்லாது.

சப்ளையர் காட்டும் சான்றிதழைப் படித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 14001 என்ற சர்வதேசத் தரச் சான்று, நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்குத் தரப்படுவது. பொருள் பசுமையானது என்பதற்கு அது சான்றாகாது. 2017இல் வந்த ஐஎஸ்ஓ 20400, பசுமைக் கொள்முதல் போன்றவற்றுக்கான வெறும் வழிகாட்டி. அதற்குச் "சான்று பெற்றோம்" என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள்.

படி 4: ஆய்வகத்தை மறக்காதீர்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கணக்கு ரசாயனத்தில் பொய்த்துப்போகும். மிஞ்சியதை அப்புறப்படுத்தும் செலவு தனி. டைஎதில் ஈதர் போன்ற கரைப்பான்கள் நாள்பட இருப்பில் கிடந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். துறைகளுக்குப் பொதுவான இருப்புப் பட்டியல் வையுங்கள். அதைப் பார்க்காமல் எந்த ஆர்டரிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.