யோமன்ரி வீரரைக் குதிரையில் ஏற்றுமுன்

யோமன்ரி என்பது பிரிட்டனின் தன்னார்வக் குதிரைப்படை, 1794-இல் தொடங்கியது. அதன் வீரரை மாடலாகச் செய்யப் போகிறீர்களா? பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் ஆண்டை முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது 1917 நவம்பர் 8. பாலஸ்தீனத்தின் ஹூஜ் அருகே வார்விக்‌ஷயர், வூஸ்டர்ஷயர் யோமன்ரியினர் வாளை உருவிக்கொண்டு பீரங்கிகள் மேலேயே பாய்ந்த நாள். அந்த வாள் 1908-ஆம் ஆண்டு வடிவம். நேரான அலகு, வெட்டுவதைவிடக் குத்துவதற்கென்றே செய்தது. விரல்களை மறைக்கும் பெரிய கிண்ணம் போன்ற தகடும் உண்டு. என் முதல் பொம்மைக்கு வளைந்த வாளை ஒட்டிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். பாதி கையும் கூடவே வந்துவிட்டது!

வாளின் உறை சேணத்தின் இடப்பக்கம், லாடப் பையோடு சேர்ந்து தொங்கும். லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் வலப்பக்கத் தோல் கூட்டில், கட்டை கீழே, குழல் மேலே. மார்புக்குக் குறுக்கே தோட்டாப் பட்டை. தலையில் வுல்ஸ்லி தொப்பி, அதாவது வெயிலுக்கான அகன்ற விளிம்புத் தொப்பி. குதிரைக்குப் பழுப்பு நிறம் போதும். கடிவாள வாருக்குக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வேண்டாம், விறைத்து நிற்கும். பழைய பற்பசைக் குழாயின் ஈயத்தகடு கிடைத்தால் மெல்லிய கீற்றாக வெட்டுங்கள், அழகாகத் தொய்யும்.

வண்டிதான் வேண்டுமென்றால் 1942-க்குப் போங்கள். 1940-இல் பாலஸ்தீனத்துக்குக் குதிரைகளோடு போன ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் என்ற யோமன்ரி படைப்பிரிவினர், எகிப்தின் எல் அலமைன் போரில் ஷெர்மன், குரூசேடர் டாங்கிகளில் இருந்தார்கள். குரூசேடர் செய்வது சுலபம். ஷெர்மன் என்றால் சங்கிலிப் பட்டைக்கே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.