குளிரில் மாவு புளிக்கலையா?
கார்த்திகை தீபம் முடிந்தால் எங்கள் குடியாத்தம் பக்கம் விடியற்காலைக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். கோடையில் பொங்கி வழிந்த இட்லி மாவு இப்போது காலைவரை அசையாமல் கிடக்கும். சோடா உப்பு வேண்டவே வேண்டாம், ருசியே போய்விடும்.

உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவையுங்கள். ஆட்டும்போது கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையாலேயே நன்றாகக் கலக்குங்கள். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். அதனால் காலையில் போட்டால் போதும். பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, இரவுச் சமையல் முடிந்து அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வெறும் தரையில் மட்டும் வைக்காதீர்கள், சில்லிப்பு அப்படியே ஏறும்.

எப்படியும் 12 மணி நேரமாவது ஆகும். சாயங்காலம் 6 மணிக்கே ஆட்டிவிடுங்கள்.