ஏஜென்ட் படிக்கும் ஆவணம்: நிதித் தரவுக் கருவிக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கரை, அதாவது பங்குச்சந்தையில் ஒரு நிறுவனத்தைக் குறிக்கும் சுருக்க எழுத்துகளைக் கொடுத்தால் பங்கு விலை, வருவாய், லாபம், கடன் என எடுத்துத் தரும் மென்பொருள் கருவிகளை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளும், அதாவது பயனருக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்களும் கூப்பிடுகின்றன. ஆவணம் மட்டும் இன்னும் டெவலப்பருக்கு எழுதியதாகவே இருக்கிறது. டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், தெரிந்தவரைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. நாம் எழுதாமல் விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நிதித் தரவில் அந்த ஊகம் சரியான எண் போலவே தெரியும். அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் தவறு, முக்கியமான விஷயத்தை ஏஜென்ட் பார்க்காத இடத்தில் எழுதுவது. ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாகக் கருவியைக் கொடுத்தால், ஏஜென்ட்டை இயக்கும் மாடலுக்குப் போவது அடிப்படையில் கருவியின் பெயர், அதன் விவரிப்பு, என்னென்ன மதிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் உள்ளீட்டு அமைப்பு இவைதான். இணையதளத்தில் நீங்கள் அழகாக எழுதிய இருபது பக்கக் கையேடு அதன் கண்ணில் படாது. அதற்காக அந்த இருபது பக்கத்தையும் விவரிப்புக்குள் திணிக்கவும் கூடாது. மாடல் ஒரே நேரத்தில் படித்து நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ‘நிதித் தரவைப் பெறும்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் உதவாது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, எந்தச் சந்தைகள், எவ்வளவு தாமதமான விலை ஆகிய நான்கும் விவரிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் அடையாளம். 2020 தொடக்கத்தில் வீடியோ அழைப்பு நிறுவனமான ஜூமின் பங்கை வாங்க நினைத்த பலர், ‘ஜூம்’ என்றே டிக்கர் வைத்திருந்த வேறொரு சிறு நிறுவனத்தின் பங்கை வாங்கிவிட்டார்கள். வீடியோ அழைப்பு நிறுவனத்தின் உண்மையான டிக்கர் இசட்எம். கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமே அந்தச் சிறு நிறுவனத்தின் வர்த்தகத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தது. மனிதர்களே தடுமாறிய இடம் இது. ‘பெயர் அல்லது டிக்கர்’ என்று பொதுவாக எழுதினால் ஏஜென்ட்டும் அங்கேதான் விழும். பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் தேடல் கருவியைக் கூப்பிடு, பல பொருத்தங்கள் வந்தால் பயனரிடம் கேள் என்று நேராகச் சொல்லுங்கள். பழைய டிக்கரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கின் டிக்கர் 2022 ஜூனில்தான் மாறியது. பழையதை மாடல்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன.

நான் அதிகம் கவலைப்படுவது காலத்தைப் பற்றி. ‘2024 முதல் காலாண்டு’ என்றால் எது? நாட்காட்டிப்படி 2024 ஜனவரி முதல் மார்ச் வரை. ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் கடைசியில் முடிவதால், அதற்கு 2023 டிசம்பர் கடைசியில் முடிந்த காலாண்டு. மைக்ரோசாஃப்ட்டின் நிதியாண்டு ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. அதற்கு 2023 ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆண்டு, காலாண்டு என்று இரண்டு உள்ளீடுகளை மட்டும் வைத்துவிட்டு விளக்கம் தராமல் விட்டால், ஏஜென்ட் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிட்டு, வளர்ச்சி விகிதமும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். படிப்பவருக்கு எதுவும் தெரியாது.

இப்படி எழுதலாம்: ‘காலாண்டு என்பது அந்த நிறுவனத்தின் நிதியாண்டுக் காலாண்டு, நாட்காட்டிக் காலாண்டு அல்ல. ஒவ்வொரு பதிலிலும் காலம் முடிந்த தேதி இருக்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன் அந்தத் தேதிகளைச் சரிபார்.’ மூன்றே வாக்கியம்தான். கூடவே, பிறகு திருத்தி வெளியிட்ட கணக்கு வருமா, முதலில் வெளியிட்டது வருமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அலகு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் சந்தையில் பல பங்குகளின் விலை பவுண்டில் அல்ல, அதன் நூறில் ஒரு பங்கான பென்னி கணக்கில் வரும். கவனிக்காவிட்டால் நூறு மடங்கு பிழை. வருவாய் ஆயிரத்திலா, மில்லியனிலா? விகிதம் 5 என்று வருமா, 0.05 என்று வருமா? கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு தரவுப் புலத்துக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். விலை, பங்குப் பிரிப்புக்கு ஏற்பச் சரிசெய்ததா என்பதும் இதே வகைதான். 2020 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. சரிசெய்யாத விலையில் பார்த்தால் 500 டாலரை ஒட்டி இருந்த பங்கு அடுத்த வர்த்தக நாளில் 130 டாலரை ஒட்டி நிற்கும். விளக்கம் இல்லாவிட்டால் ஏஜென்ட் அதைப் பெரும் சரிவு என்று அறிக்கை எழுதும்.

அப்புறம், பூஜ்யமும் ‘தரவு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஈவுத்தொகை 0 என்றால் நிறுவனம் கொடுக்கவில்லை என்று பொருள். தரவு கிடைக்காததற்கும் 0 என்றே கருவி திருப்பினால் ஆவணத்தால் காப்பாற்ற முடியாது, கருவியைத்தான் திருத்த வேண்டும்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ‘தவறான கோரிக்கை’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அல்லது தன் நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லிவிடும். ‘இந்த டிக்கர் கிடைக்கவில்லை. தேடல் கருவியில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துப் பார். அங்கும் கிடைக்காவிட்டால் தரவு இல்லை என்று பயனரிடம் சொல், மதிப்பிடாதே’ என்று எழுதினால் அதற்குப் போக ஒரு வழி இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைதான் கூப்பிடலாம் என்ற வரம்பைத் தாண்டினால் எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்பதையும் செய்தியிலேயே சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், கருவியைப் பற்றி வேறெதுவும் தெரியாத ஓர் ஏஜென்ட்டிடம் அந்த விவரிப்பை மட்டும் கொடுத்துப் பத்துக் கேள்வி கேளுங்கள். பதிலை விட, அது என்னென்ன மதிப்புகளோடு கருவியைக் கூப்பிட்டது என்ற பதிவைப் பாருங்கள். மேலே சொன்ன ‘2024 முதல் காலாண்டு’ கேள்வியை அந்தப் பத்தில் ஒன்றாக வையுங்கள்.